ராத்தாவும் அன்னப் படகும்

எங்கள் ஊர்க் கடலேரியான களப்பின் கரையில் நடைபாதை போட்டு, அன்னப்பறவை வடிவில் மிதிபடகுகளும் விட்டபோது, அங்கே போக என்னைவிட ஆசைப்பட்டவள் எனக்கு மூத்தவளான என் ராத்தாதான். சீதனமாகக் கிடைத்த எங்கள் இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு வேலி மட்டும்தான். விடியலில் சுபஹுத் தொழுததும் வேலியோரம் வந்து, "வாகா புள்ள, நடந்திட்டு வருவம்" என்று கூப்பிடுவாள். அவளுக்குச் சீனி வருத்தம், சர்க்கரையைக் குறைக்க நடக்கச் சொல்லியிருந்தார் டொக்டர். என் கணவர் கத்தாரில். பிள்ளைகள் எழும்புமுன் இருவரும் திரும்பிவிடுவோம்.

ஒரு லீவு நாளில் சற்றுப் பிந்திப் போனோம். படகுக்காரர் அப்போதுதான் படகுகளைத் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்.

"ஏறுவமா?" என்றாள் ராத்தா.

"ஆரும் பாத்தா?"

"பாத்தா என்ன? நாம களவா எடுக்கிறம்?"

ஏறினோம். கொஞ்சத் தூரம் போனதும் தண்ணீரில் படர்ந்து கிடந்த ஆற்றுவாழைச் செடிகளுக்குள் படகு சிக்கியது. அவள் சுக்கானை மாறி மாறித் திருப்ப, நின்ற இடத்திலேயே சுற்றினோம். "வேகமா மிதி புள்ள!" என்று கத்தினாள். தன் கலியாணத்துக்குப் பிறகு அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கரையில் நின்ற யாரோ அதை வீடியோ எடுத்து, பாட்டொன்றையும் சேர்த்து முகநூலில் போட்டுவிட்டார்கள். பின்னேரமே அது எங்கள் குடும்ப வட்சப் குழுவுக்கு வந்தது. அஸர் தொழுகை முடிந்த கையோடு வாப்பா, எங்கள் இருவருக்கும் அண்ணனான காக்கா, ராத்தாவின் கணவர் எல்லோரும் என் வீட்டு முன்னறையில் கூடினார்கள்.

"ஆர்ர வேல இது?" என்றார் காக்கா.

நான் ராத்தாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

"நான் வேணாம் வேணாம் எண்டுதான் சொன்னன், காக்கா. இவதான் கையப் புடிச்சு இழுத்தா" என்றாள் ராத்தா.

வீடியோவில் பாட்டுச் சத்தம் மட்டும்தான் கேட்டது, அவள் கத்தியது அதில் இல்லை. புருசன் ஊரில் இல்லாத பெண்ணுக்கு அடக்கம் வேண்டுமென்று காக்கா நெடுநேரம் கதைத்தார். வாப்பா எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போனார். கத்தாரிலிருந்து கணவர் கேட்டார்: "உன்ன நம்பிறன். ஆனா ராத்தா ஏன் பொய் சொல்லணும்?"

அதை நான் அவளிடமே கேட்டேன். குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உன்ட மாப்புள தூரத்தில. என்ட மாப்புள வீட்டுக்குள்ள. நான் வேற என்னத்தச் சொல்றகா?"

அவள் பயம் எனக்கு விளங்கியது. ஆனாலும் அவள் வீட்டில் தேத்தண்ணி குடிக்க மனம் வரவில்லை, எழும்பி வந்துவிட்டேன்.

பெருநாள் லீவில் அவள் கணவரோடும் பிள்ளைகளோடும் அதே படகில் ஏறிப் படமெடுத்துக் குழுவில் போட்டாள். "மாஷா அல்லாஹ்" என்று முதலில் எழுதியவர் காக்கா.

இப்போது நான் விடியலில் தனியாக நடக்கிறேன், களப்புப் பக்கம் அல்ல, கடற்கரைப் பக்கம். வேலியோரம் ராத்தாவின் குரல் கேட்டால், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டுவதாகச் சொல்லிவிடுவேன்.