அப்பாவை முந்திய நாள்

அப்பாவின் அடக்கத்தன்று நான் சவ வண்டியை முந்திக்கொண்டு போனேன். சொந்தக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில்கூட யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது.

கிள்ளான் ஊர்த் தேவாலயத்தில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினோம். தம்பி சவ வண்டியில் பெட்டியோடு உட்கார்ந்துகொண்டான். அடுத்த வண்டியில் அம்மா வர வேண்டும். அதுவும் அப்பாவின் வண்டியில்தான் வருவேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார்.

"கடைசி வரைக்கும் அவரு வண்டியிலயே அவரோட போறேன்மா. வேற எதுலயும் என்னை ஏத்தாதீங்க."

அது ஏழு பேர் உட்காரும் பழைய எஸ்யூவி. மேருவில் இருக்கும் அப்பா வீட்டு வாசலையே அடைத்துக்கொண்டு நிற்கும். நான் நகரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் இருப்பவள், எங்கே போனாலும் ரயில்தான். அந்த வண்டியைத் தொட்டே பல வருஷம் ஆகியிருந்தது. ஆனால் ஓட்ட வேறு ஆள் இல்லை. அம்மா என் பக்கத்தில் செபமாலையோடு உட்கார்ந்தார். பின்சீட்டில் அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை.

சவ வண்டி நடக்கிற வேகத்தில் போனது. ஊர்ச் சந்தையான பாசாரைத் தாண்டுவதற்குள் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மேலே ஏற ஆரம்பித்தது. ஏசியை அணைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். கொஞ்சம் வழி கிடைத்து சவ வண்டி வேகமெடுத்தபோது முள் இறங்கியது. மறுபடி ஊர்ந்தோம், மறுபடி ஏறியது. அப்போதுதான் கவனித்தேன், ரேடியேட்டர் காற்றாடியின் சத்தமே இல்லை. வண்டி ஓடினால் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிரவைத்துவிடும். ஊரும்போது அந்தக் காற்றாடிதான் கதி. அது எப்போதோ செத்துப்போயிருந்தது.

அப்பா செய்ததெல்லாம் அந்த நிமிஷம் எனக்கு விளங்கியது. கடைசி ஒரு வருஷமாக அவர் சாலை ஜாமில் வண்டியை விட்டதே இல்லை. பொழுது விடிவதற்குள் பாசாருக்குப் போய்த் திரும்பிவிடுவார். பக்கத்தில் இருக்கிற இடத்துக்கும் ஊரைச் சுற்றிக்கொண்டு போவார். வழியெல்லாம் ஜாமாகிற செமினியில் தம்பி வீட்டு விசேஷத்துக்கு அம்மாவை வேறு யாருடனோ அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார். வயசாகிவிட்டது, கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வண்டியை விற்றுவிடுங்கள் என்று நச்சரித்துக்கொண்டும் இருந்தோம். கோளாறு என்று தெரிந்தால் சாவியைப் பிடுங்கிவிடுவோம் என்று மனிதர் பயந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது. முன்னால் போகிற பெட்டியைப் பார்த்து, "சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல!" என்று கத்தியேவிட்டேன். அத்தை சிலுவை போட்டுக்கொண்டார்.

பானெட் ஓரத்தில் ஆவி கிளம்பியது. நிறுத்தினால் எஞ்சின் ஆறுவதற்குள் அடக்கமே முடிந்துவிடும். நிறுத்தாமல் இப்படியே ஊர்ந்தால் எஞ்சின் போய்விடும். வேறு வண்டிக்கு மாறலாம் என்றார் அத்தை. அம்மா தலையை மட்டும் ஆட்டினார், முடியாது என்று.

"அப்படின்னா வேகமா போனாதான் உண்டு, ம்மா. அப்பாவைத் தாண்டிப் போகணும்."

"பொணத்த முந்துறதா? யாராச்சும் செய்வாங்களாடி? அண்ணன் ஆத்மா சாந்தி அடையுமா?" அத்தை என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

அம்மாவின் விரல் செபமாலையில் நின்றது. சவ வண்டியின் பின்கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"போ. விட்டுட்டா போறோம்? முன்னாடி போய் அவருக்காக நிப்போம்."

வலது பக்கம் ஒடித்து மிதித்தேன். தாண்டும்போது கண்ணாடி வழியே தம்பியின் முகம் தெரிந்தது. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். உடனே போன் அடித்தது. அம்மா எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, பைத்தியமா உனக்கு? அப்பாவை விட்டுட்டு எங்க ஓடுற? எல்லாரும் பாக்குறாங்க லா!"

பேச நேரமில்லை. காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. முள் மெல்ல மெல்ல இறங்கியது. கல்லறைத் தோட்டத்து வாசலில் வண்டியை நிறுத்தியபோது சாதித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அம்மா ஆசைப்பட்டபடியே அந்த வண்டியிலேயே கொண்டுவந்து சேர்த்துவிட்டேன் அல்லவா.

அம்மாவை நிழலில் உட்காரவைக்க இடம் தேடித் திரும்பினேன். அதற்குள் அவர் குழியைப் பார்த்து நடந்துவிட்டார். ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் விளிம்புக்கே போய்விட்டார்.

குழிக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. சேற்று நிறத் தண்ணீர். ஒருவர் உள்ளே நின்று வாளியில் மொண்டு கொடுக்க, இன்னொருவர் வாங்கி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் இருவரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"ஆன்டி, இங்க வராதீங்க," என்றார் மேலே நின்றவர். "நேத்து நல்ல மழை. கிள்ளான்ல தோண்டினாலே தண்ணி ஊறும். நீங்க வர்றதுக்குள்ள இறைச்சிடுவோம்னு பாத்தோம். யாரும் இவ்ளோ சீக்கிரம் வர மாட்டாங்களே."

அம்மாவைத் திருப்பப் பார்த்தேன். அவர் அசையவில்லை. இதைப் பார்க்கத்தானா இவ்வளவு வேகமாகக் கூட்டிவந்தேன் என்று எனக்கு நெஞ்சு எரிந்தது. அத்தை சொன்னதைக் கேட்டிருக்கலாம். வண்டி எரிந்துபோயிருந்தாலும் போயிருக்கட்டும்.

"அவருக்கு ஈரம் ஆகாதேப்பா," என்றார் அம்மா, உள்ளே நின்றவரிடம். "நெஞ்சு கட்டிக்கும். ராத்திரி பூரா இருமுவாரு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக மொண்டார். மொள்ள மொள்ள ஓரத்திலிருந்து ஊறிக்கொண்டே இருந்தது.

அம்மா கையிலிருந்த போனை என்னிடம் நீட்டினார்.

"தம்பிக்குப் போடு. மெதுவா வரச் சொல்லு."

போட்டேன். மறுமுனையில் அவன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். ஏன், எதற்கு என்று கேட்டான். அதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

"மெதுவா வாடா," என்றேன். "அப்பாவை இன்னும் மெதுவா கூட்டிட்டு வா."