குன்றாண்டார்கோவிலும் புஷ்பம் வீட்டுக் கண்ணாடியும்

குன்றாண்டார்கோவில் குடைவரையைப் பார்க்க ரொம்ப நாளாக ஆசை. தை மாதம் ஒரு சனிக்கிழமை கிளம்பியதற்கு இன்னொரு காரணமும் உண்டு. என் நாத்தனார் புஷ்பம் பக்கத்து ஊரில் இருக்கிறாள். அவள் வீட்டுச் சுவரில் விரிசல். திங்கட்கிழமை அதன்மேல் மாடிச்சுவர் எழுப்பப் போகிறார்கள். சித்திரையில் மகள் பிரசவத்துக்கு வருவதற்குள் அறை தயாராக வேண்டும். நான் கட்டடப் பொறியாளர், நான் சரி என்றால் கொத்தனார் வருவார்.

திருச்சியில் காலை 6.40க்குப் புதுக்கோட்டை பஸ். கீரனூருக்கு 32 ரூபாய், ஐம்பது நிமிடம். அங்கிருந்து ஆட்டோ, 13 கிலோமீட்டர், 300 ரூபாய்.

"மினி பஸ்ஸு ஒம்பதேகாலுக்குத்தாங்க. நிக்கிறதுன்னா அங்கிட்டு நிழல்ல நில்லுங்க" என்றார் ஓட்டுநர். நிற்கிற பொறுமை எனக்கு ஏது? ஏறிவிட்டேன்.

குடைவரையும், தேர்போலச் சக்கரமும் குதிரையும் வைத்த மண்டபமும் பார்க்க ஒன்றரை மணி நேரம் வேண்டும். குடைவரை ஒரே பாறை. செங்கல் இல்லை, சாந்து இல்லை, என் தொழிலுக்கு அங்கே வேலையே இல்லை!

பத்தரைக்குப் புஷ்பம் வீடு. மூன்று மாதம் முன்பே ஃபோனில் சொல்லியிருந்தேன்: "விரிசலுக்குக் குறுக்கே கண்ணாடி ஒட்டு, ரெண்டு பக்கமும் சிமெண்ட் வை. சுவர் அசைஞ்சா கண்ணாடி உடையும்." ஞாயிறுதோறும் கேட்பேன், உடைஞ்சிருக்கா என்று. "இல்லைங்க அண்ணி, நல்லா இருக்கு" என்பாள்.

நான் சொன்னது ஜன்னல் கண்ணாடித் துண்டு. அவள் ஒட்டியிருந்ததோ முகம் பார்க்கும் கண்ணாடி! சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஆனால் ஒட்டிய விதம் சரி. எந்தக் கண்ணாடியானால் என்ன, அசைந்தால் உடையத்தான் வேண்டும். மாடி கட்டலாம் என்று வாயெடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், சிமெண்டில் ஈரக் கறுப்பு இன்னும் மாறவில்லை, மூன்று மாதப் பூச்சு இப்படி இருக்காது.

"புஷ்பம், இது எப்ப ஒட்டினது?"

"வியாழக்கெழமைங்க அண்ணி. பழசு ஒடஞ்சிருச்சுல்ல? ஒடஞ்ச கண்ணாடி வீட்ல ஆகாதுன்னு அன்னைக்கே தூக்கிப் போட்டுட்டு வேற ஒட்டிட்டேன்."

"இது எத்தனாவது?"

"மூணாவதுங்க."

மூன்று மாதத்தில் இரண்டு உடைந்திருக்கிறது, சுவர் இன்னும் அசைகிறது. கவலைப்படாதே என்று ஃபோனில் அளந்துகொண்டிருந்தது நான்தானே.

புஷ்பத்தின் வீட்டுக்காரர் முத்தையா ஒப்புக்கொள்ளவில்லை. "திங்கக்கெழம வரச்சொல்லி ஆளுகளுக்குச் சொல்லியாச்சு தங்கச்சி. இப்பப் போயி நிறுத்தச் சொன்னா எப்பிடி?"

அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தேன். நிற்க வைத்து மேலே பக்கவாட்டில் தள்ளினேன், அசையவில்லை. உள்ளறையை உருவிவிட்டுத் தள்ளினேன், கோணிக்கொண்டு சாய்ந்தது. "போன வருஷம் கடைக்கு ஷட்டர் போட இந்தச் சுவரை வெட்டினீங்களே, அது இந்த உள்ளறைண்ணே."

முழுச் சுவரை அதன் நீளவாக்கில் கோணவைப்பது லேசில்லை. எட்டடி வெட்டி எடுத்தால் அந்தப் பலம் போய்விடும். இங்கே ஒரு மூலை மண்ணில் இறங்க, மிச்சச் சுவர் கோணியிருக்கிறது. செங்கல் கட்டு அமுக்கினால் தாங்கும், இழுத்தால் தாங்காது. அதனால்தான் ஷட்டர் மூலையிலிருந்து சாந்து வழியே படிப்படியாகச் சாய்வாகப் பிளந்திருந்தது.

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணை இதுமேலயா படுக்க வைக்கப் போறீங்க?" என்றேன். அவர் ஃபோனை எடுத்துக் கொத்தனாரை வரவேண்டாம் என்றார். அன்று மாலைக்குள் சவுக்குக் கம்பால் முட்டுக் கொடுத்தோம். அடுத்த மாதம் இறங்கிய மூலையின் அஸ்திவாரத்தைப் பலப்படுத்தி, ஷட்டரின் இரண்டு பக்கமும் கான்கிரீட் தூண் எழுப்பி, மேலும் கீழும் பீம் போட்டார்கள். மாடி இன்னும் கட்டவில்லை.

போகிறவர்களுக்கு: காலையிலேயே போங்கள், வெயில் ஏறினால் பாறை சுடும். தண்ணீர் கொண்டுபோங்கள். ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னால் இன்னொரு 200 ரூபாய் ஆகும். வீட்டில் விரிசல் இருந்தால் கண்ணாடி ஒட்டித் தேதி எழுதுங்கள், உடைந்தால் தூக்கிப் போடாதீர்கள். என்னைப்போல விசாரிக்கிறவர்கள் "உடைஞ்சிருக்கா" என்று கேட்காமல், "இது எத்தனாவது கண்ணாடி" என்று கேளுங்கள்.

தூண் எழுப்பிய பிறகு புஷ்பம் நான்காவது கண்ணாடி ஒட்டினாள். இப்போது நான் கேட்பதே இல்லை, ஞாயிறுதோறும் அவளே படம் பிடித்து அனுப்புகிறாள். போன வாரப் படத்திலும் அதே பழைய தேதி, அதே கண்ணாடி. அதற்குள்ளே, ஒரு கையில் ஃபோனும் மறுகையில் பேத்தியுமாகப் புஷ்பம்.