ஒன்பது சென்டிமீட்டர்

அந்த வருடங்களில் என் கணவர் சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காப்பித் தோட்டத்தில் மேலாளராக இருந்தார். நான் பெங்களூரில் விவேக் நகரில் குடியிருந்துகொண்டு வைட்ஃபீல்டில் வேலை பார்த்தேன். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமை விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு அவரிடம் கிளம்பிவிடுவேன். தோட்டத்துப் பாதை மழையில் சேறாகிவிடும். அதற்காகவே நான்கு சக்கரமும் இழுக்கும் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருந்தோம்.

ஒரு வியாழக்கிழமை, வேலை முடிந்து வரும்போது குழியில் இறங்கி முன் டயர் ஒன்று கிழிந்தது. ஸ்டெப்னியை மாட்டி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் மாலை டயர் கடைக்குப் போனேன்.

“இந்த சைஸ் ஸ்டாக் இல்ல மேடம். வரவழைக்கப் பத்து நாள் ஆகும்” என்றார் கடைக்காரர். “இதே ரிம்முக்குக் கொஞ்சம் ஒசரமானது ரெண்டு இருக்கு. முன்னாடி ரெண்டுக்கும் போட்டுக்கலாம். வண்டி ஃப்ரண்ட் வீல் டிரைவ்தானே, முன் சக்கரம் மட்டும்தானே இழுக்கும்?”

அன்று மத்தியானம்தான் காரின் கையேட்டைப் படித்திருந்தேன். நான்கு டயரும் ஒரே அளவாக, ஏறக்குறைய ஒரே தேய்மானமாக இருக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதியிருந்தது.

“ம்” என்றேன்.

மறுநாளே அவரிடம் கிளம்ப வேண்டும்; பத்து நாள் என்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கழற்றிய இரண்டையும் டிக்கியில் போட்டுக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, எங்கள் தெரு முனையிலேயே கார் முரண்டு பிடித்தது. வளைவில் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருந்தது. புது டயர், பழகிவிடும் என்று சொல்லிக்கொண்டேன். தும்கூர் சாலையில் ரேடியோவைப் போட்டேன், அணைத்தேன், கண்ணாடியை இறக்கினேன். நெலமங்களா தாண்டுவதற்குள் எண்ணெய் கருகும் வாடை வந்துவிட்டது.

பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினேன். பக்கத்து மெக்கானிக் காருக்கு அடியில் கையை விட்டு, சுட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“ஃபோர் வீல் டிரைவா மேடம்?” என்று கன்னடத்தில் கேட்டார்.

“ஹௌது” என்று ஒப்புக்கொண்டேன். அவரிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

இப்படியே ஓட்டினால் பின் சக்கரங்களைச் சுழற்றும் பின்னச்சுப் பெட்டி போய்விடும் என்றார். தோட்டத்து ஆபீஸுக்குப் போன் செய்தேன். “அங்கேயே இரு, பஸ் பிடிச்சு வரேன்” என்றார் கணவர்.

ஏழு மணி நேரம். பங்க்கின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தேன். மூன்று டீ குடித்தேன். கடைசியில் பக்கத்துத் தையல் கடையில் டேப் வாங்கி வந்தேன். டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, மெக்கானிக் காரைத் தள்ள, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று தரையில் அளந்தோம். முன்னால் இருநூற்று இருபத்திரண்டு சென்டிமீட்டர். பின்னால் தேய்ந்த டயர் இருநூற்றுப் பதின்மூன்று. சுற்றுக்கு ஒன்பது. ஒரு கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் நாற்பது மீட்டர். முன்னும் பின்னும் ஒன்றையொன்று அவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டே வந்திருக்கின்றன.

மூன்று மணிக்கு அவர் வந்து இறங்கினார். ஷூவில் தோட்டத்துச் செம்மண் ஒட்டியிருந்தது.

“கடைக்காரர் கேக்கலையா?”

“கேட்டாரு. நான்தான் பொய் சொன்னேன்.”

“எதுக்கு?”

“பத்து நாள் ஆகும்னாரு.”

“ஆகட்டுமே. நான் பஸ் ஏறி வந்திருப்பேன்ல?”

“வருவீங்களா?”

கேட்ட பிறகுதான் எவ்வளவு நாளாக அந்தக் கேள்வியை வைத்திருந்தேன் என்று தெரிந்தது. ஒரு முறை நான் போகாவிட்டால் அவர் அதைக் கவனிக்கவே மாட்டார் என்று பயந்திருந்தேன்.

“நீ எப்பவாவது வரச் சொல்லியிருக்கியா?” என்றார். “லீவு கேக்கலாமான்னு நான் யோசிக்கறதுக்குள்ள நீ கேட்ல வந்து ஹாரன் அடிக்கற.”

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. அவர் ஜாக்கியை எடுத்தார். டிக்கியில் இருந்த இரண்டு டயர்களையும் மெக்கானிக் ரிம்மில் ஏற்றித் தர, முன்னால் மாட்டி, வேகம் நாற்பதைத் தாண்டாமல் பெங்களூர் திரும்பினோம். வழியெல்லாம் அவர்தான் பேசினார்.

திங்கட்கிழமை கடைக்காரரிடம் உண்மையைச் சொன்னேன். “அன்னைக்கே சொல்லியிருந்தா போட்டிருக்கவே மாட்டேனே மேடம்” என்று வருத்தப்பட்டார். ஒசரமானதே இன்னும் இரண்டு இருக்கிறது, நான்கும் ஒன்றாகிவிடும், இன்றே கிளம்பலாம் என்றார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினார். “சேத்து ரோட்ல போனா இங்க ஒரசும். டவுனுக்குன்னா பரவாயில்ல.”

இன்றே என்ற சொல்லில் கொஞ்சம் தடுமாறினேன். பிறகு பழைய அளவிலேயே நான்கு வரவழைக்கச் சொன்னேன்.

பின்னச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆயில் மட்டும் மாற்றினார்கள். அடுத்த சனிக்கிழமையும் அவரே வருவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம்தான் பஸ் வரும். நான் காலை ஒன்பதுக்கே மெஜஸ்டிக் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். ஹாசன் வழியாக வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் எட்டிப் பார்த்தேன். காத்திருப்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.