காப்பு கட்டறதுக்குள்ள மாட்டவேண்டிய பெல்ட்

மலைமேல எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் காப்பு கட்டிட்டா அப்புறம் ஒருத்தரும் வெளியூர்ல ராத்தங்கக் கூடாது. பகல்ல போளூருக்குப் போகலாம், எங்க வேணா போகலாம், பொழுது சாயறதுக்குள்ள மலையேறிடணும். திருவிழா முடியற வரைக்கும் இதான் சட்டம். காப்புக்கு முன்னாடியே எல்லையைத் தாண்டிட்டவங்களுக்கு மட்டும் இந்தக் கட்டு கிடையாது. அதனால அன்னிக்கு சாயங்காலம் கோயில்ல கொட்டு அடிக்கறதுக்குள்ள நான் காரை எடுத்துக்கிட்டுக் கிளம்பியாகணும். காரோ வூட்டு வாசல்ல வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது.

எம்பொண்ணுக்குத் தலைப்பிரசவம். முறைப்படி அம்மா வூட்லதான் பாக்கணும். ஆனா டாக்டரம்மா, மலைமேல கூட்டிட்டுப் போகாதீங்க, எப்ப வேணா வலி வரலாம்னுட்டாங்க. மருமகன் வேலைக்கு வடக்க போய்ட்டாரு. பொண்ணு கீழ சந்தவாசல்ல வாடகை வூட்ல தனியா கிடக்குது. ராவுல வலி கண்டா கூட்டிட்டுப் போக ஆளும் வேணும், வண்டியும் வேணும். நான் மட்டும் பஸ்ஸுல போய் நின்னு இன்னா பண்றது? அதான் அந்தக் காரைக் கட்டிக்கிட்டு அழுதேன்.

சந்தைக்குச் சாமையும் தேனும் புளியும் ஏத்திட்டுப் போக நான் வாங்கின பழைய கார் அது. நான்தான் ஓட்டுவேன், நான்தான் கழட்டிப் பூட்டுவேன். வூட்டுக்காரருக்கு ஸ்டீயரிங்கைப் பாத்தாலே தலை சுத்தும். பேட்டரிக்கு கரன்ட் ஏத்தற ஆல்டர்நேட்டர் கொஞ்ச நாளாவே முனகிட்டுதான் இருந்தது. பெல்ட்டும் காலையில கீச்சுனு கத்தும். அன்னிக்குச் சாவியைத் திருப்பினா டிக்குனு ஒரு சத்தம், அவ்ளோதான்.

மலைமேல எங்களுக்கு சாமான் வர்ற வழி பஸ்தான். போளூர் கடைக்காரருக்கு போன் பண்ணினா கண்டக்டர் கையில குடுத்து வுடுவாரு. வூட்டுக்காரர் பைக்ல, பஸ் வந்து நிக்கற ஜமுனாமரத்தூருக்குப் போய், புது ஆல்டர்நேட்டரும் பெல்ட்டும் வாங்கியாந்தாரு. அதுக்குள்ள வெயில் சாய ஆரம்பிச்சிடுச்சு.

பேட்டரி வயரைக் கழட்டிட்டு, பெல்ட்டைத் தளத்தி எடுத்து ஓரமா போட்டேன். ஆல்டர்நேட்டரைப் புடிச்சிருந்த அடி போல்ட்டு கண்ணுக்கே தெரியாத இடத்துல. அவசரத்துல அண்டாவுல கூட கை நுழையாதும்பாங்க, எனக்கு எஞ்சின் சந்துல நுழையல. விரல் முட்டியெல்லாம் தோல் உரிஞ்சு போச்சு. பக்கத்துல வூட்டுக்காரர் ஸ்பேனரைப் புடிச்சிக்கிட்டு, ஆத்தா பாத்துக்குவா, ஆத்தா பாத்துக்குவான்னு ஜபம் பண்றாரு. எனக்கு வந்ததே ஆத்திரம். ஆத்தா வந்து இந்த போல்ட்டைக் கழட்டுவாளான்னு கேட்டுட்டேன். பாவம், எனக்கும் சேத்து அவரே கன்னத்துல போட்டுக்கிட்டாரு.

அவரைச் சொல்லியும் குத்தமில்ல. இந்த வருசம் எங்க வூட்டு முறை. என் மூத்தாரு, அதான் வூட்டுக்காரரோட அண்ணன், அவரு கையிலதான் காப்பு ஏறப்போகுது. காப்பு கட்டின வூட்டு மருமக வெளிய தங்கினான்னா ஊர் சும்மா வுடுமா?

புது ஆல்டர்நேட்டர் நல்லா உக்காந்துடுச்சு. புது பெல்ட்டை மாட்டினேன். தூளியாட்டம் தொங்குது. ஆல்டர்நேட்டரை இழுக்க முடிஞ்ச மட்டும் வெளிய இழுத்துப் பாத்தேன். அப்பவும் தொங்குது. அப்புறம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. இந்தக் குளுருக்கு எதுக்குடா ஏசின்னு, வாங்கின கையோட ஏசி கம்ப்ரஸரைக் கழட்டி பழைய இரும்புக்குப் போட்டுட்டோம். எங்க மலையில பல வண்டி அப்படித்தான் ஓடுது. கம்ப்ரஸர் இல்லாட்டி பெல்ட் சுத்தற தூரம் கம்மி, குட்டை பெல்ட்தான் வேணும். கடைக்காரர் வண்டி பேரைக் கேட்டாரு, ஏசி வண்டி பெல்ட்டை அனுப்பிட்டாரு. அவரும் கேக்கல, நானும் சொல்லல. யாரைத் திட்டறது? இரும்புக்குப் போன கம்ப்ரஸரைத் திட்டினேன்.

வேற பெல்ட் வர்றதுக்குள்ள காப்பு ஏறிடும். அப்படியே மண்ணுல உக்காந்துட்டேன். அப்ப பாத்து பொண்ணு போன் பண்ணுது.

"அம்மா, இடுப்பு வலிக்குது. சூட்டு வலியாதான் இருக்கும், இல்ல?"

ஆமாம்மா, சீரகத் தண்ணி வச்சுக் குடி, வந்துக்கிட்டே இருக்கேன்னு சொன்னேன். போனை வச்சதும் மண்ணைத் தட்டிக்கிட்டு எழுந்துட்டேன். இந்த மலைக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததுக்கு அன்னிக்கு நொந்துக்கிட்ட மாதிரி நான் என்னிக்கும் நொந்ததில்ல. இதுல கொடுமை இன்னான்னா, எனக்கும் பயம் உண்டு. காப்பை மீறிப் போய் பொண்ணுக்கோ குழந்தைக்கோ ஒண்ணு ஆச்சுன்னா, ஊர் சொல்றது இருக்கட்டும், நானே என்னைச் சொல்லிக்குவேன். போகாம இருந்து ஒண்ணு ஆனாலும் அதேதான். ரெண்டு பக்கமும் எனக்கு வழி கிடையாது.

ஓரமா கிடந்த பழைய பெல்ட்டை எடுத்து மடக்கிப் பாத்தேன். உள்பக்கம் பாளம் பாளமா வெடிச்சிருக்கு, ஆனா அறுந்து போகல. மலை இறங்கற வரைக்கும் தாங்கினா போதும்னு அதையே மாட்டினேன். வூட்டுக்காரர் கடப்பாரையால ஆல்டர்நேட்டரை நெம்பிப் புடிச்சாரு, நான் போல்ட்டை முறுக்கினேன். பாதி வழியில அறுந்தா நீ இன்னா பண்ணுவன்னு கேட்டாரு. பையைத் தூக்கி பின்சீட்டுல போட்டேன்.

பேட்டரியில லைட் எரியற அளவுக்குத்தான் உசுரு, தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். நான் ஏறி உக்காந்து, சாவியைத் திருப்பி, கிளட்சை மிதிச்சு, ரெண்டாவது கியரைப் போட்டேன். அவரு பின்னாடி நின்னு தம் கட்டித் தள்ளினாரு. வண்டி வாசலை வுட்டு மெதுவா நகந்து, சரிவைப் பாத்துத் திரும்புச்சு. அந்த நேரம் கோயில்ல பம்பை கொட்ட ஆரம்பிச்சுது. பொம்பளைங்க குலவை போட்டாங்க. வண்டி நின்னு போச்சு.

கண்ணாடியில பாத்தேன். அவரு நிமுந்து, கோயில் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டிருந்தாரு. போகவான்னு கேட்டு, வேணாம்னு அவரு சொல்லிட்டா இறங்கிடுவேனோன்னு எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல. காப்பு ஏறிடுச்சு, எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சேன்.

கொட்டு அடங்கவே இல்ல. அவரு மறுபடியும் குனிஞ்சு டிக்கி மேல ரெண்டு கையையும் வச்சாரு. தள்ளறாரு, தள்ளறாரு, வண்டி அசையல. மூச்சு வாங்கிக்கிட்டு என் ஜன்னல்கிட்ட வந்தாரு.

"பிரேக்குல இருந்து காலை எடு"ன்னாரு.

அப்பதான் குனிஞ்சு பாத்தேன். வண்டியை நிறுத்தினது அவரு இல்ல, என் கால்தான். எடுத்தேன்.