ஹேண்ட்பிரேக் மாப்பிள்ளை

இருமலைக் கேட்டே எந்த வண்டிக்கு என்ன நோய் என்று சொல்லிவிடும் மெக்கானிக்குக்கு, மாப்பிள்ளை சொல்வது மட்டும் காதில் ஏறாது.

"மீட்டர்ல பிரேக்குக்கான சிவப்பு லைட் எரியுது மாமா. கொஞ்ச நேரத்துல தானா அணைஞ்சிடுது" என்று மாப்பிள்ளை தன் பழைய காரைப் பட்டறைக்குக் கொண்டுவந்தான். மெக்கானிக் பட்டறைக்கு எதிரே ஏற்ற இறக்கமில்லாத தெருவில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

"ஹேண்ட்பிரேக்கை முழுசா இறக்காம ஓட்டுறீங்க மாப்பிள்ளை. அதுக்கும் இதே லைட்டுதான் எரியும்." பானெட்டைத் திறக்கக்கூட இல்லை. அன்றிலிருந்து வீட்டில் மாப்பிள்ளைக்கு 'ஹேண்ட்பிரேக்' என்று பெயர் வைத்துச் சிரித்தார்.

இன்று பேத்தியைப் பள்ளியில் விட மாப்பிள்ளையின் காரில் அவரும் கூடப் போனார். பள்ளிக்கு முன்னால் ஓர் இறக்கம். வண்டி முன்பக்கம் சாய்ந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹேண்ட்பிரேக்கைப் பார்த்தார். முழுவதும் இறங்கியிருந்தது. பிரேக் ஆயில் குறைந்துபோனால்தான், சரிவில் மிச்ச ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி விளக்கு இப்படி எரியும்; சமதளத்தில் அணைந்துவிடும்.

"நிறுத்துங்க! ஓரமா நிறுத்துங்க!"

இறங்கிப் பின்சக்கரத்தின் உள்பக்கம் கையை விட்டார். விரலெல்லாம் ஆயில் பிசுபிசுத்தது. அதற்கு நேர் மேலே, ஜன்னல் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பேத்தி சிரித்தாள்.

மாப்பிள்ளை பதறி ஓடிவந்தான். "மறுபடியும் நான் ஹேண்ட்பிரேக்கை இறக்கலையா மாமா?"

குரலில் நக்கல் துளியும் இல்லை. அவன் நிஜமாகவே கேட்டான்.