தீயணைப்பானை ஒளித்தது நான்தான்

இன்று கல்லல் பக்கம் எங்கள் கார் கிளப்பின் மண்பாதைப் பந்தயம். என் கணவரும் ஓட்டுவதாக இருந்தது. எனக்கோ பயம்.

வண்டியில் தீயணைப்பான் இல்லையென்றால் கிளப்பில் ஓட்ட விடமாட்டார்கள். கிளம்பும்போது அதை எடுத்துக் குழந்தையின் டயப்பர் பைக்குள் ஒளித்துவிட்டேன்.

சோதனையில் தீயணைப்பான் இல்லையென்று கிளப் செயலாளர் வண்டியை நிறுத்திவிட்டார்.

"நான்தாண்ணே மறந்துட்டேன்" என்று இவர் தலைகுனிந்தார்.

செயலாளர் என்னிடம் வந்தார். "நல்லவேளை, அது இல்லாதது கண்ணுல பட்டுச்சு தாயி. போன தடவ அவசரத்துல ஒரு வண்டியப் பாக்காமயே விட்டுட்டேன்."

இன்றும் அப்படி விட்டிருந்தால்? தீப்பிடித்தால் அணைக்க ஒன்றுமில்லாமல் நானே இவரை அனுப்பியிருப்பேன்.

"என்னால நீயும் பிள்ளையோட வெயில்ல நின்னுட்ட" என்று வீட்டுக்கு வந்ததும் இவர் என்னிடமே வருத்தப்பட்டுவிட்டு, இப்போது தூங்குகிறார்.

இவர் எழுந்து இந்தப் பதிவைப் படிப்பதற்குள், எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்களேன்.