இடது பக்கக் கேபிள்

கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க ஒரே கேள்வியைக் கேட்பதுதான் என் வேலை. "இது தெளிவா இருக்கா, இல்ல அதுவா?" வருகிறவரின் ஒரு கண்ணை மூடி, இன்னொரு கண்ணுக்கு முன் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பேன். சிலர் எதைப் போட்டாலும் தலையாட்டுவார்கள். அவர்களுக்கென்று ஒரு தந்திரம் வைத்திருக்கிறேன். மாற்றுவதுபோல் மாற்றி, அதே லென்ஸைத் திரும்பப் போடுவேன். "ஆ, இது இன்னும் நல்லா இருக்கே!" என்பார்கள். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரிப்பேன்.

பாட்டு என் பைத்தியம். பாட்டுகூட இல்லை, பாட்டை ஸ்பீக்கருக்குக் கொண்டுவருகிற கேபிள். செம்புக் கம்பியில் குரல் குழைந்து வரும், வெள்ளிக் கம்பியில் பளிச்சென்று வரும் என்று நான் ஆரம்பித்தால் கேபிள் கடைக்காரரே வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். புதுச் சரக்கு வந்ததும் முதலில் எனக்குத்தான் கொடுத்தனுப்புவார். "உங்க காது சொன்னா சரி சார்" என்று அவர் ஏற்றிவிட, நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

கொஞ்ச நாளாக ஒரு குடைச்சல். எந்தக் கேபிளைப் போட்டாலும் இடது பக்கம் சத்தம் அமுங்கியே வந்தது. ஒவ்வொன்றையும் திருப்பிக் கொடுத்து, கம்பெனிக்காரன் ஏமாற்றுகிறான் என்று குதித்தேன். கடைக்காரர், பாவம், முகம் சுளிக்காமல் மாற்றிக்கொண்டே இருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் செம்பில் ஒரு ஜோடி, வெள்ளியில் ஒரு ஜோடி வீட்டுக்கு வந்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டே எது எதுவென்று சொல்கிறேன் பார் என்று சவால் விட்டு, சுழல் நாற்காலியில் சாய்ந்தேன். கழற்றி மாட்டுவது மனைவியின் பொறுப்பு.

"இது செம்பு. குரல் பக்கத்துல வந்து உக்காருது."

"சரி. இது?"

"வெள்ளி! ஜன்னலைத் திறந்துவிட்ட மாதிரி இருக்கு பாரு."

"இது?"

"மறுபடியும் செம்பு. எனக்குத் தெரியாதா?"

ஸ்பீக்கருக்குப் பின்னாலிருந்து சிரிப்பு வெடித்தது. "என்னங்க, நான் எதையுமே மாத்தலை. கழட்டினதையே திரும்ப மாட்டினேன். உங்க லென்ஸ் வேலைதான்!"

அசடு வழிந்தது. ஆனாலும் வாய் அடங்கவில்லை. "அதை விடு. இடது பக்கம் அமுங்குதே, அதுவும் பொய்யா?"

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. என்னருகே வந்தாள். நாற்காலியைப் பிடித்து அப்படியே சுவர்ப் பக்கம் திருப்பினாள். ஸ்பீக்கர் இரண்டும் இப்போது என் முதுகுக்குப் பின்னால்.

"இப்போ எந்தப் பக்கம் அமுங்குது?"

"இடது பக்கம்தான். பஞ்சு அடைச்ச மாதிரி..."

"இப்போ உங்க இடது பக்கம் இருக்கறது வலது ஸ்பீக்கர்ங்க."

ஊரார் கண்ணையெல்லாம் ஒவ்வொன்றாக மூடிப் பார்த்தவனுக்கு, தன் காதை ஒருமுறை மூடிப் பார்க்கத் தோன்றவில்லை. அவளே உள்ளங்கையால் என் வலது காதைப் பொத்தினாள். பாட்டு எங்கோ தூரத்துக்குப் போய்விட்டது. அவள் உதடு அசைவது தெரிந்தது, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பயந்துபோய் அவள் கையைப் பிடித்தேன்.

கையை எடுத்தாள். "நாளைக்கே காது டாக்டர்கிட்ட போறோம்."

"காதைப் பொத்தினப்போ என்ன சொன்னே?"

"சோபாவுல எப்பவும் உங்க இடது பக்கம்தானே உக்காருவேன். எதைச் சொன்னாலும் பதிலே வராது. என் பேச்சு உங்களுக்குச் சலிச்சுப் போச்சுன்னு நினைச்சிட்டேன்." அவள் குரல் உடைந்தது. "அதான், பேசறதையே குறைச்சுக்கிட்டேன்."

செம்பில் குழைகிறது, வெள்ளியில் பளிச்சிடுகிறது என்று அளந்த காதுக்கு, பக்கத்தில் இருந்தவள் பேச்சைக் குறைத்துக்கொண்டது தெரியவே இல்லை. எனக்கு அழுகை வந்தது. எழுந்து போய்ப் பாட்டை நிறுத்தினேன். அவளைச் சோபாவில் உட்கார வைத்து, என் நல்ல காது அவள் பக்கம் இருக்கும்படி அவளுக்கு இடது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

"சொல்லு" என்றேன்.

"எதை?"

"நான் கேக்காம விட்டதை எல்லாம்."